மூன்று தட்டு

செவ்வாய்தோறும் பத்தரை மணிக்கு
அபர்தீன் மருத்துவமனை, நான்காம் மாடி.
ஜன்னலில் கடல் தெரியாது, கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.
கில்பர்ட்டின் வலது கையைத் தூக்கி
அவர் மடியிலேயே வைத்துவிட்டு
ஹீட்டர் பக்கத்து நாற்காலிக்கு நான் போய்விடுவேன்.

பீட்டர்ஹெட் மீன் ஏலத்தில்
ஒரே மூச்சில் நாற்பது பெட்டி விற்ற வாய்.
விலை ஏற ஏற
சொற்கள் ஒன்றன் முதுகில் ஒன்று தொற்றி ஓடும்.
வெளியூர்க்காரனுக்கு ஒன்றும் விளங்காது,
வாங்குகிறவனுக்குப் பைசா வரை விளங்கும்.
ஜனவரியில் ஒரு காலை
அந்த வாயில் மிஞ்சியவை
ஒரு 'ஆமா', ஒரு கெட்ட வார்த்தை.

கெட்ட வார்த்தை மட்டும் பழுதில்லாமல் வருகிறது.
அது மூளையில் வேறு அறையில் குடியிருக்கிறதாம்.

இருக்கிற கையால் மேசையைத் தட்டச் சொல்கிறாள் யோலந்தா.
இன்றைய சொல்லும் அதுவே:
லெஃப்ட்-ஹாண்டட்.
மூன்று அசை.
முதல் தட்டு சுமாராக,
நடுத் தட்டு ஓங்கி,
கடைசி
விரல் மேசையைத் தொட்டதோ இல்லையோ.

இவர் கடைசியில்தான் ஓங்கி அடிக்கிறார்.
முப்பத்தொரு வருஷம்
சுத்தியல் அங்கேதானே விழுந்தது.
லெஃப்ட். ஹான். டெட்!
அறையில் வேறொரு சொல் கேட்கிறது.
மூவரும் அதைக் கேட்காதவர்கள் போல
தண்ணீர் குடிக்கிறோம்.

கைக்குச் சொந்தமான 'ட்',
பேசும்போது வேலி தாண்டி
அடுத்த அசையின் மடியில் உட்கார்ந்துகொள்கிறதாம்.
அர்த்தம் வெட்டும் இடம் ஒன்று,
காது வெட்டும் இடம் ஒன்று.
அந்தக் கடைசி வாலைப் பற்றி நான்தான் கேட்டேன்:
நடந்தான், சமைத்தாள் என்பதில் வருகிற அதே வாலா?
கை இருந்தது, முடிந்தது, அப்படியா?
யோலந்தா தலையசைத்தாள்.
வினைக்குப் பின்னால் வந்தால் முடிந்தது.
பெயருக்குப் பின்னால் வந்தால் உண்டு.
கை உண்டு என்றுதான் பொருள்.

நான் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போலந்துக்காரி.
அவர்கள் பேச்சில் பாரம் எப்போதும்
கடைசிக்கு முந்தியதில் விழும், அவள் பெயரைப் போல,
யோ-லந்-தா.
வந்த புதிதில் ஆங்கிலத்தையும் அப்படியே அழுத்தி
ரொட்டிக் கடையில் சிரிப்பு வாங்கினாளாம்.
இந்த ஊர்ப் பாரம் நிலையாக நிற்காது என்கிறாள்.
பின்னால் ஒரு பெயர் வந்து நின்றால்
அது முன்னுக்கு ஓடிவிடும்.
லெஃப்ட்-ஹாண்டட் மனைவி,
என்று என்னைக் காட்டினாள், உதாரணத்துக்கு.

ஆமாம், நான் இடது கைக்காரி.
பள்ளியில் வைத்த பெயர் கோரி-ஃபிஸ்டட்.
நாலு அசை,
எந்தப் பையனும் தப்பாக அழுத்தியதில்லை.

சாப்பாட்டு மேசையில் அவருக்கு வலப்புறம் என் இடம்.
அவர் வலது முழங்கையும் என் இடது முழங்கையும்
மோதாத இரவு கிடையாது.
சூப்பு சிந்தும், அவர் திட்டுவார், நான் திட்டுவேன்.
இடம் மாறி உட்காரலாமே என்று
ஒருவருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை.
ஜனவரிக்குப் பிறகு மோதவில்லை.
மேசைவிரிப்பு அவ்வளவு சுத்தம்.

நேற்று, என்னவோ தோன்றி,
நாற்காலியை அவர் இடப்பக்கம் இழுத்துப் போட்டேன்.
கரண்டியை வலது கையில் பிடித்தேன்.
ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறை,
குழந்தை பென்சில் பிடிக்கிற மாதிரி.
மூன்றாவது வாயில் மோதியது.
பாலும் உருளைக்கிழங்கும் புகைமீனும்
அவர் சட்டை, என் சட்டை, விரிப்பு.

அவர் என் கையைப் பார்த்தார்.
கரண்டியைப் பார்த்தார்.
தட்டவில்லை, எண்ணவில்லை.
யாரும் பழக்காத ஒரு சொல்லைச் சொன்னார்:

ரைட்-ஹாண்டட்.

அப்புறம் அந்தக் கெட்ட வார்த்தை.

செவ்வாய்க்கிழமை யோலந்தா கேட்பாள்
அழுத்தம் எதில் விழுந்தது, கடைசி அசை மங்கியதா என்று.
நான் கவனிக்கவில்லை.
துடைக்கத் துணி தேடிக்கொண்டிருந்தேன்.